கியர்பாக்ஸுக்குள் போன குண்டு

டிங். பிறகு சற்று யோசித்துவிட்டு ஒரு டொங். கடைசியாக எண்ணெய்க்குள் ஒரு குளுக்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கேட்ட சத்தம். இந்த டிரைவர் கியரோடு மல்லுக்கட்டுகிறார் பாருங்கள், அதைக் கேட்டதும் அது திரும்ப வந்துவிட்டது. நீங்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். பையை என் காலடியில் வைக்கலாம். வண்டி இப்போதைக்குக் கிளம்பாது. கியர் விஷயம் எனக்குத் தெரியும். பஸ் கியர் இல்லை, படகு கியர். என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கு ஒரு விசைப்படகு இருந்தது. ‘புனித லூசியா’ என்று பெயர். பெயர் வைத்தது நான். இல்லை, வைத்தது அவர் அப்பா. பிழையில்லாமல் எழுத வைத்தது நான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குண்டை உள்ளே போட்டது நான் இல்லை. எங்கள் ஊரில் பெலிசிட்டா என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். சொல்லட்டும். நான் எதிலும் தலையிடுகிற ஆளே இல்லை. பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். தள்ளி நின்று கவனிப்பதுதான் என் பழக்கம்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. மாதா கோயில் திருவிழா பத்து நாள். பத்தாம் நாள் சாயங்காலம் மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோவோம். அங்கே அவள் முகத்தைக் கடலைப் பார்க்கத் திருப்பிவைத்துச் செபம் சொல்லி, மீண்டும் கரைக்குக் கொண்டுவருவோம். எந்தப் படகு என்பதைக் குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அப்போது முப்பத்தோரு படகு. ஒருமுறை பெயர் வந்துவிட்டால் முப்பத்தோரு பேரும் முடிகிறவரை அந்தப் பெயர் குடத்துக்குள் போகாது. ஆக, ஒரு மனுஷனுக்கு ஆயுசில் ஒருதரம். அதுவும் ஆயுசு இருந்தால்.

பெயர் வந்த படகின் சொந்தக்காரருக்கு ஒரு மரியாதை உண்டு. மாதாவுக்கு வலப்பக்கம் நின்று பட்டுக்குடை பிடிக்கலாம். கஸ்பாருக்கு ஏழு வயதில் அவர் அப்பா பிடித்தாராம். இவர் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாராம். குடையின் குஞ்சலம் காற்றில் ஆடி மாதாவின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு விலகியதாம். அதிகம் பேசுகிற மனுஷன் இல்லை அவர். கல்யாணமான இருபது வருஷத்தில் என்னிடம் நீளமாகச் சொன்ன கதை இது ஒன்றுதான். நானும் பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் அவர் பெயர் வந்தது. நாற்பத்தொன்பது வயது. சீட்டை வாசித்ததும் கோயில் முற்றத்து மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய் ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார். தோளில் சுருக்கம் விழுகிறது என்று தையற்காரரிடம் இரண்டு தடவை திருத்தச் சொன்னார். குடையைத் தூக்கும்போது தோள் இழுக்கக் கூடாதாம்.

ஒரு நிபந்தனையும் உண்டு. பத்தாம் நாள் மூன்று மணிக்குப் படகு தயாராக இல்லையென்றால், இரண்டாவது சீட்டுக்காரரின் படகில் மாதா ஏறிவிடுவாள். இரண்டாவது சீட்டு யாருக்கு வந்தது என்கிறீர்கள்? கஸ்பாரின் தம்பி தார்சிஸுக்கு. தார்சிஸ் என்னை ‘மதினி’ என்று கூப்பிடுகிறபோதே அதில் ஒரு சிரிப்பு மடித்து வைத்திருக்கும்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் படகைத் துடைக்கப் போனேன். எங்கள் பக்கம் பெண்கள் படகில் ஏறுகிற வழக்கமில்லை. மாதா ஏறுகிற படகுக்கு மட்டும் அந்த இரண்டு நாள் விதிவிலக்கு. மேல்தட்டைத் துடைத்தேன். கீழே என்ஜின் அறைக்கு இறங்கினால், கியர் லிவரைச் சுற்றி ஐந்து வருஷத்துக் கறுப்பு. போதாததற்கு அசைக்கும்போதெல்லாம் கடக், கடக் என்று ஒரு சத்தம். செபத்துக்கு நடுவில் கடக் என்றால் எப்படி இருக்கும்?

“திருவிழா முடியட்டும். பாத்துக்கலாம்” என்றார் கஸ்பார்.

“மாதா ஏறுறதுக்கு முன்னால பாக்காம, இறங்குன பொறவு பாத்து என்னத்துக்கு?” என்றேன். இது தலையிடுவதா? ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

“சரி” என்றார். எங்களுக்குள் கருத்து வேறுபாடே வந்ததில்லை. எதற்கும் சரி என்பார்.

மெக்கானிக் சுடலைமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினோம். முப்பது வருஷமாகப் படகு பார்க்கிறவர். ஒரு நாள்கூடக் கடலுக்குள் போனதில்லை, படகு அசைந்தாலே வயிற்றைப் புரட்டும். கரையில் கட்டிப்போட்ட படகில்கூட வாயில் எலுமிச்சம்பழத் துண்டைக் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார்.

அந்த லிவரின் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே ஓர் இரும்புக் குண்டு, சைக்கிள் சக்கரத்துக் குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்பிரிங் அதை அழுத்திக் குழியில் உட்காரவைக்கும். அதனால்தான் லிவர் போட்ட இடத்தில் நிற்கிறது. அது இல்லையென்றால் படகு போய்க்கொண்டிருக்கும்போதே லிவர் தானாக நழுவிவிடும், படகு நடுக்கடலில் சும்மா நிற்கும்.

“அடியில ஓட்ட இருக்குல்லா, அண்ணாச்சி. அடைச்சிக்கிட்டுத்தான் கழத்தணும்” என்று சுடலைமுத்து எதையோ எடுத்துத் திணித்துவிட்டு, வேறு ஸ்பானர் எடுக்க மேலே போனார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால், அது என் துண்டு. புதுத் துண்டு, வெள்ளைத் துண்டு. மறுநாள் சாமியார் கை துடைக்கவென்று எடுத்துவைத்தது. கிரீஸ் ஓட்டையில் திணிக்கிற பொருளா அது? நான் துண்டை மட்டும்தான் எடுத்தேன். அதே நேரத்தில் கஸ்பாரின் கை லிவரைத் தூக்கிவிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போனது. குண்டு, டிங். டொங். குளுக்.

கஸ்பார் ஓட்டையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். “கறை ஏதும் பட்டுட்டா?” என்று கேட்டார்.

“படல” என்றேன். அது ஒன்றுதான் ஆறுதல்.

சுடலைமுத்து இறங்கிவந்தார். வாயிலிருந்த எலுமிச்சந்துண்டைக் கையில் எடுத்தார். “யாருக்கா அதை உருவுனது?”

“அதைப் பத்திப் பேசி இப்ப என்ன ஆகப்போவுது?” என்றேன்.

கியர்பாக்ஸை முழுசாகத் திறக்க வேண்டுமென்றால் படகைவிட்டுத் தூக்கி வெளியே எடுக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. குண்டோடு என்ஜினை ஓட்டினால் அது பற்சக்கரத்துக்கு நடுவில் போய் எல்லாப் பல்லையும் உடைத்துவிடும். இருக்கிற வழி, மேலே அந்த ஓட்டை. கீழே எண்ணெய் வடிக்கிற துளை. எண்ணெயை வடித்தோம். எண்ணெய் வந்தது. குண்டு வரவில்லை. உள்ளே ஒரு தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

“காந்தம்” என்றேன்.

இயற்பியல் படித்தவர்கள் இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்க முடியாது. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தவரிடம் ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி அதன் காந்தத்தை வாங்கினேன். தோசைக்கல்லுக்கு அண்ணன் போல இருந்தது. அது ஓட்டைக்குள் போகாது, ஆனால் வெளியிலிருந்தே குண்டை இழுத்துக்கொண்டு வரலாம் என்று கணக்குப் போட்டு, கியர்பாக்ஸின் பக்கத்தில் கொண்டுபோனேன். டப்பென்று ஒட்டிக்கொண்டது.

“யக்கா, பெட்டியே இரும்புல்லா” என்றார் சுடலைமுத்து.

இதை அவர் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை சொன்னாராம். எனக்குக் கேட்கவில்லை. கயிறு கட்டி நாலு பேர் இழுத்தும் காந்தம் வரவில்லை. அன்று சாயங்காலம் வடக்குத் தெருவுக்கு ஒலிபெருக்கி இல்லை, பிரசங்கம் அங்கே கேட்கவில்லை. மறுநாள் வடக்குத் தெருக்காரர்கள் கஸ்பாரிடம் வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள்.

தார்சிஸ் தன் படகுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். “மதினி, எதுக்கும் இருக்கட்டும்னு கட்டுதேன்” என்றார். “நீங்க குண்டை எடுத்துட்டீங்கன்னா வாழைமரத்தை மாட்டுக்குப் போட்டுருதேன்.”

பத்தாம் நாள் காலைப் பூசை முடிந்ததும் கஸ்பார், “சாய்ச்சுப் பாப்பமா?” என்றார். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு திட்டம் முழுவதையும் போட்டது நான்தான். கியர்பாக்ஸின் வலது மூலையில் பின்பக்கம்தான் எண்ணெய் வடிகிற துளை. படகை முதலில் இடது பக்கம் சாய்த்துத் தடுப்பைத் தாண்ட வைத்து, பிறகு வலது பக்கம் சாய்த்தால் குண்டு தானாக உருண்டு வந்துவிடும். சாய்க்க என்ன வேண்டும்? பாரம். பாரத்துக்கு எங்கே போவது? திருவிழா. ஊரே கரையில் நிற்கிறது.

பாடகர் குழு இருபத்திரண்டு பேரை ஏற்றினேன். கால்பந்தாட்டக் குழுவை ஏற்றினேன். சமையல் பந்தலில் இருந்த கிலாரா அத்தையை, அவர் ஒருவரே நாலு பேருக்குச் சமம் என்பதால், கையைப் பிடித்து அழைத்துவந்து ஏற்றினேன். அவர் கையில் கரண்டி இருந்தது. “என்னை எதுக்கு எல்லாரும் இப்படி மரியாதையாக் கூப்பிடுதீங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் பங்குச் சாமியார் லியோனும் ஏறினார். எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டார். நடுவில் நில்லுங்கள் சாமி, யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றேன்.

மொத்தம் நாற்பத்தாறு பேர். கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற எங்கள் உபதேசியாரிடம் கைஒலிபெருக்கியைக் கொடுத்தேன், நான் சொல்லச் சொல்ல அவர் சத்தமாகச் சொன்னார். கீழே சுடலைமுத்து ஒரு நீள ஸ்குரூடிரைவரின் ஒரு முனையைக் கியர்பாக்ஸிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, வைத்தியர் மாதிரிப் படுத்திருந்தார்.

“எல்லாரும் இடது பக்கம்” என்றார் உபதேசியார்.

நாற்பத்தாறு பேரும் இடது பக்கம் போனார்கள். படகு சாய்ந்தது.

“உருளுது” என்று கீழேயிருந்து சத்தம். “உருளுது... உருளுது... நின்னுட்டு.”

“எல்லாரும் வலது பக்கம்.”

போனார்கள்.

“உருளுது... எங்கன போவுதுன்னு தெரியல... யக்கா, கொஞ்சம் நிறுத்துங்க, எனக்கு ஒரு மாதிரி வருது.”

அவருக்கு ஒரு மாதிரி வந்தேவிட்டது. கஸ்பார் ஒரு வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஸ்குரூடிரைவரைத் தான் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மேலே பாடகர் குழுவுக்குச் சும்மா நடக்கச் சலித்துவிட்டது போலிருக்கிறது, மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். பல்லவிக்கு இடது பக்கம், சரணத்துக்கு வலது பக்கம். உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகுதான் நடை ஒழுங்குக்கு வந்தது. கரையில் நின்றவர்கள் இதுவும் திருவிழா நிகழ்ச்சி என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கிலாரா அத்தை மட்டும் எப்போதும் ஒரு சரணம் பிந்தி. அவர் போய்ச் சேருகிறபோது எல்லாரும் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள்.

ஏழாவது சரணத்தில், வடிகிற துளைக்குக் கீழே வைத்திருந்த எண்ணெய்த் தட்டில் டணார் என்றது.

“வந்துட்டு” என்றார் கஸ்பார். அவர் குரல் அவ்வளவு சத்தமாக எழுந்து நான் அன்றுதான் கேட்டேன்.

அங்கேதான் ஒரு தவறு நடந்தது, அதுவும் என்னுடையது இல்லை. குண்டைப் பார்க்கவென்று நாற்பத்தாறு பேரும் ஒரே மூலைக்கு ஓடினார்கள். படகு ஒரு குனிவு குனிந்தது. உபதேசியார் கடலில் விழுந்தார். கைஒலிபெருக்கியை விடவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து, “யாரும் பயப்பட வேண்டாம்” என்று அறிவிப்பு வந்தது. அவரைத் தூக்கியது தார்சிஸ். பிறகு உபதேசியார் சாயங்காலம் முழுவதும் சாமியாரின் பழைய அங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிந்தார். வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தார்கள்.

குண்டு கிடைத்துவிட்டது. கஸ்பார் அதை வேட்டி நுனியில் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் ஸ்பிரிங் ஞாபகம் வந்தது.

படகின் அடித்தண்ணீரைத் துழாவினோம். கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றும் திறந்திருக்காது. சுடலைமுத்து தன் பெட்டியிலிருந்து ஆறு ஸ்பிரிங் எடுத்தார். ஒன்று நீளம், ஒன்று தடிமன், மற்றதெல்லாம் அந்தக் குழிக்குள் போகவே இல்லை. சாமியார் தன் பேனாவைக் கழற்றி அதிலிருந்த ஸ்பிரிங்கைக் கொடுத்தார். குண்டு அதை நசுக்கிவிட்டுச் சும்மா இருந்தது. சாமியார் அந்தப் பேனாவை மறுபடி பூட்டப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. மணி இரண்டே முக்கால்.

“ஒரு வழி இருக்கு அண்ணாச்சி” என்றார் சுடலைமுத்து. தரையில் உட்கார்ந்து வாளியைக் கட்டிப்பிடித்திருந்தார். “எண்ணெயை ஊத்தி என்ஜினைப் போடுவோம். லிவரை ஆள் ஒருத்தர் கையால அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே இருக்கணும். கயித்தால கட்டிப்போட முடியாது. முன்ன பின்ன முப்பது படகு வருது, நினைச்ச நேரம் நிறுத்தணும்லா.”

“யாரு பிடிக்கது?” என்றார் கஸ்பார்.

சுடலைமுத்து வாளியைப் பார்த்தார். அவரால் முடியாது. வேலையாட்கள் நாலு பேர், ஆளுக்கொரு நேர்ச்சை, நாலு பேரும் சப்பரம் தூக்க வேண்டும். அப்போது மேலிருந்து தார்சிஸ் தலையை நீட்டினார்.

“அண்ணே, நான் இறங்குதேன். நான் பிடிச்சிக்கிடுதேன். நீ மேல போ. போய்ச் சட்டையைப் போடு.”

அந்தச் சிரிப்பு அப்போது இல்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நாளைக்கு ஊரில் என்ன பேச்சு வரும்? எங்கள் பெயர் வந்த வருஷத்தில் மாதாவை நகர்த்தியது தார்சிஸ் கை என்று வருமா, வராதா? முப்பத்தோரு வருஷத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நான் தலையிடவில்லை. ஒரு யோசனை சொன்னேன்.

“அந்த லிவர் அவருக்குத்தான் பழக்கம்” என்றேன். “வேற யாரும் பிடிச்சா சரிவராது.”

“மதினி, லிவர் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார் தார்சிஸ்.

கஸ்பார் என்னைப் பார்த்தார். பிறகு, “சரி” என்றார்.

வெள்ளைச் சட்டையைப் போட்டிருக்கவில்லை, கையில்தான் வைத்திருந்தார். மடிப்புக் கலையாமல் என்னிடம் கொடுத்தார். பனியனோடு இறங்கினார்.

மூன்று மணிக்கு மாதா எங்கள் படகில் ஏறினாள். நல்ல படகு, சுத்தமான படகு, எல்லாரும் சொன்னார்கள். குடையைச் சொந்தக்காரர் பிடிக்க முடியாததால் சொந்தக்காரர் மனைவி பிடிக்கலாமா என்று கேள்வி வந்தது. சாமியார் வானத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நான் பிடித்தேன். நேராகப் பிடித்தேன். அந்த முப்பத்தோரு வருஷச் சுற்றில் பெண் கை பிடித்தது அந்த ஒருமுறைதான். கீழே அவருக்குத் தகவல் சொல்ல ஓர் ஏற்பாடும் செய்திருந்தேன். குதிகாலால் மேல்தட்டில் ஒரு தட்டு என்றால் முன்னே. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. ஒரு பிசகு வரவில்லை. நான் தட்டினேன், படகு போனது. நான் தட்டினேன், படகு நின்றது.

முப்பது படகும் சுற்றி வந்தன. பாட்டு எழுந்தது. என் காலுக்குக் கீழே, மரத்துக்கு அடியிலிருந்து, கஸ்பாரும் பாடுவது கேட்டது. எங்களுக்கு ஒரு வரி பிந்திப் பாடினார். என்ஜின் சத்தத்தில் மேலே என்ன பாடுகிறார்கள் என்று அவருக்குக் கேட்டுச் சேர அவ்வளவு நேரம் ஆனது. நாங்கள் முடித்த பிறகும் அந்தக் கடைசி வரி தனியாக வந்தது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆழத்துக்கு வந்ததும் இரண்டு தட்டுத் தட்டினேன். மாதாவைத் திருப்பினார்கள். வெடி போட்டார்கள். காற்று மேற்கிலிருந்து வந்தது, குடையின் குஞ்சலம் பறந்து என் முகத்திலேயே அடித்தது. அதை ஒதுக்கிப் பிடிப்பதிலேயே எனக்குக் கவனம். அப்போது என்ஜின் அறை மூடி ஒரு விரற்கடை திறந்தது.

“திருப்பியாச்சா?” என்றார் உள்ளேயிருந்து.

“ஆச்சு” என்றேன்.

“நல்லா இருக்காளா?”

“லிவர்ல இருந்து கையை எடுக்காதீங்க” என்றேன்.

மூடி இறங்கியது.

கரைக்கு வந்ததும் மேலே வந்தார். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. வலது உள்ளங்கையில் லிவரின் குமிழ் வட்டமாகப் பதிந்திருந்தது. அதற்குள் மாதா கோயிலுக்குள் போய்விட்டாள். தார்சிஸ் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். கஸ்பார் குடித்தார். எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். “சூடா இருந்துச்சு” என்றார்.

மறுநாள் தூத்துக்குடியிலிருந்து புது ஸ்பிரிங் வந்தது. சுடலைமுத்து ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார். கடக் சத்தம் அப்படியே இருந்தது. அது லிவரின் சத்தமே இல்லையாம், வேறு எதுவோ. படகு நன்றாகத்தான் ஓடியது. நல்ல படகு. அதனால்தான் அவர் பிறகு செய்த ஒன்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வருஷம் படகைத் தார்சிஸிடம் கொடுத்துவிட்டு, கஸ்பார் கோயிலில் கோயில்பிள்ளையாகச் சேர்ந்தார். மணியடிக்கவும், விளக்கேற்றவும், சனிக்கிழமைதோறும் ஏணி போட்டு ஏறி மாதா சுரூபத்தின் முகத்தைத் துடைக்கவும் ஆளில்லாமல் இருந்த வேலை. பதினோரு வருஷம் அதைச் செய்தார். அந்த வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார்.